ஒரு படம் மட்டும் திறந்த நாள்

போர்க்காலத்தில், மன்னாரில் ஒரு நிவாரணக் கந்தோரில் காணாமல்போனோருக்கான இணையத்தளத்தைக் கவனித்து வந்தேன். அதில் காணாமல்போனவர்களின் படங்களோடு வீட்டு விலாசங்களும் இருந்தன. அந்த விலாசங்களைப் பார்த்து அறிமுகமில்லாத ஆட்கள் வீடுகளுக்கு வரத் தொடங்கினார்கள். வெளியார் பார்க்காதபடி ஒவ்வொரு பக்கமாகப் பூட்டினால் ஏதாவது தவறிவிடும். அதனால் தளத்தை இயக்கும் சேர்வரின் அமைப்பையே எளிதாக்கினேன்: நாங்கள் திறக்காத எதுவும் தானாகவே பூட்டியிருக்கும்.

பள்ளிமுனையிலிருந்து ஒரு தாய் வந்தார்.

"என்ர மகன்ர படத்தைக் காணேல்லையாம், தம்பி. கனடாவில இருந்து தங்கச்சி சொன்னவள்."

"உங்கட பாதுகாப்புக்குத்தான் பூட்டினனான், அம்மா."

"என்னட்டக் கேட்டனீங்களோ? அவன் எங்கயாவது இருந்து எங்களைத் தேடினா என்ன செய்யிறது? திறந்து விடுங்கோ."

விலாசத்தை மறைத்து, அந்தப் படத்தை மட்டும் திறந்தேன். அந்தத் தாய் கதிரையில் இருந்தபடி வெகுநேரம் திரையையே பார்த்தார். அவர் அழவில்லை. எனக்கு எந்த உணர்வும் வரவில்லை.

படத்தைப் பார்த்து அவருடைய மகனைப் பற்றி யாரும் எங்களுக்கு எழுதவில்லை. எல்லாவற்றையும் பூட்டியது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதன்பிறகு, புதிய படமொன்றைப் பூட்டிவைத்த கையோடு, அதைத் திறக்கட்டுமா என்று அந்த வீட்டாரிடம் போய்க் கேட்பேன்.