போன் அக்கா கேட்ட செருப்புக் கேள்வி

போன் அக்காவைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பிரசவ வார்டில் பதினாறு வருடம் நின்றே வேலை பார்த்த நர்ஸ். முழங்கால் மக்கர் செய்ததும் ஆஸ்பத்திரியில் அவரை ஒரு சின்ன அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். வாராவாரம் கர்ப்பிணிகளைப் போன் வீடியோவில் பார்க்கும் வேலை. "தொட்டுப் பார்க்காம என்ன வைத்தியம்?" என்று முதலில் நக்கலடித்தவளே நான்தான்.

இரண்டாவதைச் சுமந்திருந்த எனக்கும் வீட்டுக்குப் பிரஷர் மெஷின் கொடுத்திருந்தார்கள். தினமும் பார்த்துக் குறித்துவைத்து, வாரக் கடைசியில் அவரிடம் சொல்ல வேண்டும். ஏழாம் மாத முடிவில் பிரஷர் ஏறத் தொடங்கியது. சொன்னால் அட்மிட் ஆகச் சொல்வார்கள். மூன்று வயது மூத்தவள் நானில்லாமல் தூங்கமாட்டாள். அதனால், நூற்றுப்பத்துக்கு எழுபது என்று வாய் கூசாமல் அளந்துவிட்டேன். ஏழு நாளும் அதே எண். பொய்யிலாவது கொஞ்சம் புத்தி வேண்டாமா!

அக்கா கேட்டுக்கொண்டார். ஏழையும் அப்படியே குறித்துக்கொண்டார். பிறகு, "ஏம்மா, இப்ப என்ன செருப்பு போட்டிருக்க?" என்றார்.

"அவரோடதுக்கா. கால் வீங்கி என்னோடது நுழைய மாட்டேங்குது."

"தலைவலி?"

"ரெண்டு நாளா இருக்கு."

"சரி தங்கம். மெஷினை என் கண்ணு முன்னாடி கட்டு. நம்பரை நானே பாத்துக்கறேன்."

நூற்றறுபத்தெட்டுக்கு நூற்றுப்பத்து. "ஐயோ, அக்கா!" என்று கத்திவிட்டேன். அக்கா குரலில் மட்டும் பதற்றமே இல்லை. "போனை வச்சிடாம இப்பவே கிளம்பி வா. டாக்டர்கிட்ட நான் சொல்லிடறேன்."

மூத்தவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் வெறுங்காலோடு காரை எடுத்தார். அவர் செருப்புதான் என் காலில் இருந்ததே! வழி நெடுக அக்கா போனில் மூத்தவளின் குறும்புகளைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்.

மூன்றாம் நாள் ஆபரேஷன். ஒன்றே முக்கால் கிலோவில் சின்னவள் பிறந்தாள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் இரண்டு பேரும் பிழைப்பதே கஷ்டம் என்றார் டாக்டர்.

அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடியேறி என்னைப் பார்க்க வந்தார். அதுவரை அவரை முகமும் தோளுமாகத்தான் எனக்குத் தெரியும். இவ்வளவு குள்ளமா என்று சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

"பொய் சொல்றேன்னு தெரிஞ்சும் ஏங்கா திட்டல?"

"திட்டியிருந்தா போனை வச்சிருப்ப. அப்புறம் உன்னை நான் எங்கடி போய்த் தேடுவேன்?"