மரண அறிவித்தல் இல்லாத ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வானொலியில் ஞாயிற்றுக்கிழமை என்றால் நான்தான். அறிவிப்பாளரும் நான், பாட்டுப் போடுகிறவரும் நான், தொலைபேசி எடுக்கிறவரும் நான், தேத்தண்ணி வைக்கிறவரும் நான். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், டோர்ட்மண்டில், ஒரு தமிழ்க் கடையின் பின்னறை. முன்பக்கம் அரிசி மூட்டை, பின்பக்கம் சுவரெல்லாம் முட்டைத் தட்டு ஒட்டிய கலையகம். கிழமை நாட்களில் கிடங்கில் பெட்டி ஏற்றும் ஒருவன், ஞாயிறன்று மட்டும் செயற்கைக்கோள் ஏறி ஐரோப்பா முழுக்கப் பேசினான். வீட்டில் என் பேச்சை ஒருவரும் கேட்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாளின் ஒழுங்கு மாறாது. விடியத் தேவாரம், பிறகு மாதா பாடல்கள். இரண்டிலும் எண்ணிக்கை சமமாக இல்லாவிட்டால் யாராவது தொலைபேசி எடுத்து ஏசுவார்கள். அடுத்துப் பிறந்தநாள் வாழ்த்து. அதன்பின் ஓர் அரிசி விளம்பரம். அது முடிந்ததும் மரண அறிவித்தல். மனித வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாக ஒருவரும் சொன்னதில்லை. பின்னேரம் நேயர் விருப்பம்.

மாதா பாடல் போய்க்கொண்டிருந்தபோது கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ஓர் அழைப்பு. எங்கள் நேயர் ஒருவரின் தம்பி. அந்த அக்காவைத் தெரியாத நேயர் கிடையாது. புருஷன் போனபின் டோர்ட்மண்டில் தனியாக இருந்தார். கண் விழித்தால் வானொலியைப் போடுவார், படுக்கும்போதுதான் நிறுத்துவார். ஞாயிறு தவறாமல் எடுத்து, ஊரில், சாவகச்சேரியில் இருந்த அம்மாவுக்கு ஒரு பாட்டுக் கேட்பார். சாவகச்சேரியில் எங்கள் வானொலி கேட்காது என்று நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

“அண்ணை, அம்மா போயிட்டா,” என்றான் தம்பி. “அக்காவுக்கு இன்னும் தெரியாது. ரயில் ஏறிட்டன். நான் போய்ச் சேருமட்டும் ரேடியோவில ஒண்டும் வரக்கூடாது.”

எங்கள் ஆட்கள் இப்படிப்பட்ட செய்தியைத் தொலைபேசியில் சொல்வதில்லை. சொந்தத்தில் ஒருவர் நேரில் போய், பக்கத்தில் இருந்து, விழுந்தால் பிடிக்கத் தயாராக நின்றுதான் சொல்வது. அக்காவுக்குப் பிரஷரும் இருந்தது, நெஞ்சுக்குக் குளிசையும் இருந்தது. ஒருவரும் அக்காவுக்கு எடுக்கக்கூடாது என்று தம்பி சொந்தக்காரர் எல்லோரையும் எச்சரித்திருந்தான். சொந்தக்காரர் சொல் தட்டவில்லை. அக்காவை விட்டுவிட்டு எனக்கு எடுத்தார்கள்.

முதலாவது, வாழ்த்து நேரத்தில், ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு பெரியவர். பேரனுக்குப் பிறந்தநாள் என்றார். கேக் என்ன நிறம் என்று வழக்கம்போல் கேட்டேன். “கேக் எங்க தம்பி வெட்டுறது, துடக்கெல்லோ வந்திட்டுது. சாவகச்சேரியில எங்கட...”

அது யாருடைய சாவுத் தீட்டு என்று வருமுன் ரிசீவரைப் போட்டுவிட்டுப் பாட்டைத் தட்டினேன். அது கல்யாணப் பாட்டு. எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று இன்றுவரை தெரியாது. அந்த அறையில் ஓடுவதற்கும் இடமில்லை.

அதற்குப்பின் யார் எடுத்தாலும் முதலில் பாட்டைப் போட்டுவிட்டு, என்ன சொல்லப் போகிறீர்கள், ஆருக்குச் சொல்லப் போகிறீர்கள், சாவகச்சேரியில் சொந்தம் உண்டா என்று விசாரித்தேன். என் அகதி வழக்கில் என்னை இவ்வளவு கேட்கவில்லை. முக்கால்வாசிப் பேரை வானலைக்குள் விடவே இல்லை.

மரண அறிவித்தல் நேரம் வந்தது. அன்றைக்கு வேறு நான்கு குடும்பத்தின் அறிவித்தல்கள் மேசையில் கிடந்தன. வாசிக்கத்தான் வாயைத் திறந்தேன். மண்டைக்குள் அந்த அம்மாவின் பெயர் மட்டும் சுற்றிக்கொண்டு நின்றது. நாக்கு என்னுடையதுதான், ஆனால் அன்று அதை நம்ப நான் தயாராக இல்லை. நான்கையும் தள்ளிவைத்துவிட்டு இரண்டு குத்துப்பாட்டுப் போட்டேன். அரைமணிக்குள் ஒரு மகன் எடுத்து, தன் ஐயா செத்தது செய்தியாகத் தெரியவில்லையோ, அதற்கு ஆடவேண்டுமோ என்று கேட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். காரணம் சொல்ல முடியவில்லை.

தம்பியின் கைத்தொலைபேசிக்கு எடுத்தேன். கொலோனுக்கு முன்னால் ரயில் நிற்கிறதாம். ஏன் என்று ஒருவரும் சொல்கிறார்களில்லையாம்.

நேயர் விருப்பம் தொடங்கி இரண்டாவது பாட்டில் அக்கா எடுத்தார். நல்லகாலம், பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஒருவரும் கேட்கவில்லை. வழக்கமான பாட்டைத்தானே என்று முந்திக்கொண்டேன். அவர் பாட்டுக் கேட்கவில்லை.

“தம்பி, ஏன் இண்டைக்கு மரண அறிவித்தல் வாசிக்கேல்லை?”

“இண்டைக்கு ஒருத்தரும் சாகேல்லை அக்கா. ஞாயிறெல்லோ, லீவு.”

சொல்லிமுடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அக்கா சிரிக்கவில்லை.

“காலமையில இருந்து எனக்கு ஒரு கோல் இல்லை. நான் எடுத்தாலும் ஒருத்தரும் தூக்கினமில்லை. எல்லாரும் சொல்லி வைச்ச மாதிரி. நீங்களும் வாசிக்கேல்லை.”

பிறகு மெதுவாக, “அம்மாவோ?” என்றார்.

ஐரோப்பா முழுக்கக் கேட்கும் குரல் என்றேனல்லவா? ஓம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. லைன் சரியில்லை என்ற பொய்கூட வரவில்லை.

அப்போது அவருடைய வீட்டில் மணி அடித்தது.

“ஆரோ பெல் அடிக்கினம். நீங்க வைக்காதேங்கோ தம்பி. லைனிலயே நில்லுங்கோ.”

நின்றேன். செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. கதவுச் சங்கிலி கழன்றது. ஓர் ஆண் குரல் “அக்கா” என்றது. அதற்குமேல் சொல்லும் வேலை அவனுக்கு இருக்கவில்லை.

இந்தப் பக்கம் பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டின் பொத்தான் மேசையின் மறுமுனையில். தொலைபேசி வயர் அதுவரை எட்டாது. வைக்காதே என்று சொல்லியிருக்கிறார், மேசையில் வைக்கவும் மனம் வரவில்லை. கையில் ரிசீவரோடு காலை நீட்டிப் பார்த்தேன், எட்டவில்லை. அக்கா வீட்டு வானொலியில் பாட்டின் கடைசி வரி கொஞ்சம் பிந்தி முடிவதும், பிறகு ஒன்றும் இல்லாமல் போவதும் எனக்குக் கேட்டன. அந்த வெறுமைக்குள் அவர் அழத் தொடங்கினார். மற்ற லைன்களின் விளக்கெல்லாம் மினுங்கின. ரேடியோ பழுதோ என்று கேட்கத்தான் எடுத்திருப்பார்கள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தப் பக்கம் தம்பி வந்து ரிசீவரை எடுத்தான்.

“அண்ணை, இனி அறிவித்தலைப் போடுங்கோ. அக்கா கேக்கவேணுமாம்.” பின்னால் அக்கா ஏதோ சொன்னார். “மற்ற ஆக்களின்ரயும் விட்டுப்போடாதேங்கோவாம்.”

மற்ற நான்கையும் முதலில் வாசித்தேன். மரியாதைக்காக இல்லை, ஐந்தாவதைத் தள்ளிப்போடத்தான். ஒவ்வொரு பெயரையும் இழுத்து, ஒவ்வொரு மருமகனையும் நிதானமாகச் சொல்லி வாசித்தேன். அதற்குள் அக்கா களைத்துப்போய் வானொலியை நிறுத்திவிடக்கூடாதா என்று நினைத்தேன். அவராவது நிறுத்துவதாவது. தண்ணீர் ஒரு மிடறு குடித்துவிட்டு, சாவகச்சேரியைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட, என்று தொடங்கினேன்.