பக்கத்து சீட்டின் மணி

அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். லிஃப்ட் ஓட்டுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் பரிசோதகர். இருபத்தாறு வருட சர்வீஸ். கூண்டிலிருந்து ஓர் ஆள் இறங்கியதும் தரை மயிரிழை மேலே எழும்பும் அல்லவா? அதைப் பார்த்தே இறங்கியவரின் எடையைச் சொல்லிவிடுவார். இரண்டு கிலோ முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான்.

கல்யாணத்தை இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டே ஐம்பதைத் தாண்டிவிட்டவர். கீழ்த்தளத்தில் அக்கா குடும்பம். சாப்பாடு அங்கே, தூக்கம் இங்கே. வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: ஒரு ஜெர்மன் கார். பெரியது வேண்டாம், சின்னது போதும். ஒருநாள் அப்படி ஒன்று விற்பனைக்கு வந்தது. கருநீல நிறம், பதினொரு வயது. ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் வைத்திருந்தது. போய்ப் பார்த்தார். கதவைச் சாத்திப் பார்த்தார். இரும்புப் பெட்டகம் மூடுவதுபோல் "தப்" என்று ஒரே சத்தம். அந்த ஒரு சத்தத்திலேயே மனிதர் விழுந்துவிட்டார்.

முதல் மாதம் தேனிலவு. வளைவுகளில் வண்டி சாலையை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு போனது. ஸ்டீயரிங்கைப் பிடித்தால் யாரோ நம்பகமானவருடன் கைகுலுக்குவதுபோல் இருந்தது. வேலையே இல்லாவிட்டாலும் ஒரு சுற்று போய்விட்டு வந்தார்.

"சோறு ஆறுது, மாப்பிள்ளை ஊர்வலம் முடிஞ்சுதா?" என்று அக்கா கேலி செய்தாள்.

இரண்டாம் மாதம் சுயரூபம் தெரிந்தது. முன்விளக்கில் பல்பு மாற்ற முகப்பையே கழற்ற வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் குழாய் ஒன்று விரிசல் விட்டது. அதற்கு மாற்று வர ஐந்து வாரம். டேஷ்போர்டில் தினம் ஒரு நிறத்தில் எச்சரிக்கை விளக்கு. மெக்கானிக் கை துடைத்துக்கொண்டே சொன்னார்: "இது காரு இல்ல சார், சம்பந்தி. வாய்க்கு வாய் குத்தம் சொல்லும். ஆனா உறவை விட முடியாது."

இதற்கெல்லாம் அவர் சிரித்தார். சிரிக்க முடியாத ஒன்று மூன்றாம் மாதம், கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்ததும் ஆரம்பித்தது.

காலை எட்டே கால். வேலைக்குப் போகும் வழியில், நீரேற்று நிலையத்தை ஒட்டிய வளைவில் திரும்பினார். "டிங், டிங், டிங்" என்று மணி அடித்தது. பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று வண்டி சொல்கிறது. பக்கத்து சீட்டில் ஆளும் இல்லை, பையும் இல்லை. முக்கால் கிலோமீட்டர் போனதும், மூடிக் கிடந்த பழைய பள்ளிக்கூடத்தின் வாசலைத் தாண்டும்போது, மணி தானாக நின்றது.

மறுநாளும் அதே வளைவில் ஆரம்பித்து அதே வாசலில் நின்றது. மூன்றாம் நாளும் அப்படியே. சனி, ஞாயிறு மட்டும் சத்தமே இல்லை.

மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அவருடைய வேதவாக்கு. வேகம், வெயில், சாலையின் மேடுபள்ளம் எல்லாவற்றையும் குறித்துவைத்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. மெக்கானிக், சீட்டுக்கு அடியில் எடையை உணரும் தகடு பழுதாகியிருக்கும் என்றார். புதிய தகடு வரவழைத்து மாட்டினார்கள். அன்று சோதிப்பதற்காக மெக்கானிக்கே பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார். வளைவு வந்தது. மணி அடித்தது.

மெக்கானிக் எட்டிக் காலி சீட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார்.

"சார், இதுல சீட்டு ஹீட்டர் இருக்கா?"

"இல்லையே. ஏன்?"

"சுடுது சார். ஆளு உக்காந்து எழுந்த மாதிரி சுடுது."

அதற்குப் பிறகு மெக்கானிக் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பட்டறை வந்ததும் கூலிகூட வாங்காமல் உள்ளே போய்விட்டார்.

லிஃப்ட்காரர் தனக்குத் தெரிந்த வழியில் தீர்த்துக்கொண்டார். காலி சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டார். மணி அடங்கியது. அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதி நான்கு நாள்கூட நிலைக்கவில்லை. பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் பக்கத்துக் கதவின் பூட்டு "டக்" என்று திறந்து மூடியது. பிறகு வழி நெடுக டக், டக். மூன்றாம் வாரம், அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் மட்டும் உட்புறமாக ஆவி படிந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம். துடைத்தார். அடுத்த சிக்னலுக்குள் மறுபடி படிந்தது. வட்டம் பெரிதாகிச் சுருங்கியது, பெரிதாகிச் சுருங்கியது. அவர் தன் மூச்சை அடக்கிப் பார்த்தார். வட்டம் நிற்கவில்லை. அந்த மூச்சு வேகமாக இருந்தது.

அன்று மதியமே லீவு சொல்லிவிட்டு நர்ஸ் அம்மா வீட்டுக்கு வண்டியை விட்டார்.

அந்த அம்மாள் வாசலுக்கு வந்து, பழகிய கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல் காரின் கூரையைத் தடவினார். குனிந்து உள்ளே பார்த்தார். கை அப்படியே நின்றது.

"பெல்ட் ஏன் மாட்டியிருக்கு?"

"மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சும்மா. அதான்."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

அந்த அம்மாளின் முகத்தில் ஈயாடவில்லை. "மூணு வாரமா? அப்ப எப்படிங்க இறங்குவாங்க?"

அந்த அம்மாளே கதவைத் திறந்து பெல்ட்டை விடுவித்தார். அது சுருண்டு உள்ளே போகாமல் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகுதான் போனது.

"யாரும்மா அது?"

"எனக்குத் தெரியாதுங்க. நான் வாங்குறப்பவே இருந்தாங்க. எனக்கு வித்தவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஒரு வார்த்தை பேசாம வச்சுட்டாரு. முதல்ல பயந்து செத்தேன். அப்புறம் அந்தப் பழைய பள்ளிக்கூடக் கேட்டுகிட்ட நிறுத்திக் கதவைத் திறந்துவிட ஆரம்பிச்சேன். ஒரு தொந்தரவும் இல்ல. முட்டி வலி வந்து கிளட்ச் மிதிக்க முடியாமதான் வித்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

மறுநாள் பெல்ட் மாட்டவில்லை. வளைவில் மணி அடித்தபோது, அடிக்கட்டும் என்று விட்டார். பள்ளிக்கூடக் கேட்டுக்கு எதிரே நிறுத்தினார். உள்ளே உடைந்த பெஞ்சுகள் அடுக்கிக் கிடந்தன. கேட்டில் துருப்பிடித்த பூட்டு. அவர் இறங்கிச் சுற்றி வந்து பக்கத்துக் கதவைத் திறந்தார். தெருவில் இரண்டு சைக்கிள்கள் போயின. காற்றே இல்லை. பிறகு கண்ணெதிரே வண்டி அந்தப் பக்கம் மயிரிழை எழும்பியது. ஸ்பிரிங் மெல்ல மூச்சு விட்டது. மணி நின்றது.

கண் தானாகக் கணக்குப் போட்டுவிட்டது. இருபத்தெட்டு கிலோ. மிஞ்சிப்போனால் முப்பது.

இவ்வளவு நாளும் ஒரு பெரிய ஆளை நினைத்துப் பயந்திருந்தார். மூன்று வாரம் கட்டிவைத்திருந்தது ஒரு குழந்தையை. நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "மன்னிச்சிடுப்பா" என்றார். ஆணா பெண்ணா தெரியாது, "மன்னிச்சிடும்மா" என்றும் சொல்லிவைத்தார்.

அன்றிலிருந்து வேலைநாள் ஒன்றுகூடத் தவறவில்லை. காய்ச்சல் நூற்றிரண்டு இருந்த அன்றும், "எங்கடா போற இந்த ஒடம்போட?" என்று அக்கா வழி மறித்தபோதும், பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று போய்விட்டு வந்தார். வண்டி தன் பங்குக்குப் பழையபடியே படுத்தியது. ஜன்னல் மோட்டார் போனது, ஏசி போனது, கியர் பெட்டி முனகியது. மெக்கானிக் தூர நின்றே, "தள்ளி விட்டுடுங்க சார், நல்ல ஜப்பான் வண்டி பாத்துத் தர்றேன்" என்றார். அவர் கேட்கவில்லை. யார் கையில் கொடுப்பது? அவனும் பெல்ட்டை மாட்டிவிட்டால்?

இரண்டாம் வருடம் ஒன்றைக் கவனித்தார். வண்டி எழும்பும் அளவு கூடியிருந்தது. முப்பத்துநான்கு கிலோ. அடுத்த வருடம் முப்பத்தெட்டு. ஆறாம் வருடம் ஐம்பத்திரண்டைத் தொட்டது. அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரர் தன் பிள்ளையைக் காட்டி, "பசங்க எப்படி மளமளன்னு வளந்துடுறாங்க பாருங்க" என்றபோது மட்டும், "ஆமா, பாத்துக்கிட்டேதான் இருக்கேன்" என்றார்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. கார் பூட்டியபடியே இருந்தது. இரண்டு சாவியும் அவரிடம்தான். கதவைத் திறந்து உட்காரப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். டிரைவர் சீட் அவர் வைத்த இடத்தில் இல்லை. இரண்டு அங்குலம் முன்னால் தள்ளியிருந்தது. நடுக்கண்ணாடி கீழே சாய்ந்து, அவரைவிடக் குள்ளமான ஒருவருக்குத் தோதாகத் திருப்பப்பட்டிருந்தது. ஸ்டீயரிங்கைத் தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது.

பிறகு சீட்டைப் பின்னுக்குத் தள்ளினார், கண்ணாடியைச் சரிசெய்தார்.

"பதினெட்டு முடியட்டும்" என்றார், பக்கத்து சீட்டைப் பார்க்காமல். "அப்புறம் பாப்போம்."

வழக்கமாக நீரேற்று நிலைய வளைவில்தான் மணி அடிக்கும். அன்று வீட்டு வாசலிலேயே அடிக்க ஆரம்பித்துவிட்டது.