மகளுக்குத் தோடம்பழம் கொடுத்த கதை

போன சனிக்கிழமை பின்னேரம் என் மகளுக்கு முதன்முதலாகத் தோடம்பழம் கொடுத்தேன். மகளுக்கு வயது எட்டு மாதம். கொடுத்தது வேறு யாருக்கும் தெரியாது. பிரச்சினையே அதுதான்.

மனைவி ஞானம் சேர்ச்சில் மாதர் கூட்டத்துக்குப் போயிருந்தாள். நான் சந்தையில் வாங்கிய அந்த ஒரேஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை என் கையையே பார்த்தது. ஒரு தகப்பன் எவ்வளவு நேரம்தான் காணாததுபோல் இருப்பான்? சாறு பிழிந்து ஒரு கரண்டி கொடுத்தேன். முகத்தைச் சுளித்தது... உடம்பை உலுப்பியது... பிறகு வாயைத் திறந்தது. முழுப்பழமும் முடிந்தது. சாறு கழுத்துவரை வடிந்திருந்தது. துடைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஞானம் திரும்பி வந்தபோது பிள்ளையின் வாயைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது. அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பரிமளம் அக்கா ஓடி வந்தார்.

“இது அம்மாள் வருத்தம் புள்ள. வாசல்ல வேப்பிலையக் கட்டு. ஒருத்தரையும் உள்ளுக்கு விடாத.”

நாங்கள் மெதடிஸ்ட்காரர். கட்டினோம். மரத்தில் ஏறி வேப்பிலை ஒடித்தது நான்தான்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால், “டொக்டரக் கேக்காமப் புளிப்பு ஒண்டும் குடுத்திராதீங்க” என்று ஞானம் சொல்லி ஒரு கிழமைகூட ஆகவில்லை.

திங்கட்கிழமை வெல்லாவெளியில் அவளுடைய ஒரே தங்கைக்குக் கல்யாணம். ஞாயிறு காலை பஸ் ஏறுவதாக இருந்தோம். ஞானம் றங்குப் பெட்டியைத் திறந்து, தங்கைக்கு எடுத்த சேலையைப் பேப்பரில் சுற்றினாள்.

“அம்மாளோட கல்யாண வீட்டுக்குப் போகேலாது. பரிமளம் அக்காட தம்பி அந்தப் பக்கம் போறாராம். இதக் குடுத்து விடுவம். நான் வரல்லையெண்டு அவள் அழப்போறாள்.”

அழுதது இவள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. “ஞானம்... நான் கொஞ்சம் தோடம்பழம் குடுத்தன்.”

அவள் ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாவிக்கரையில் இருந்த டொக்டர் வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

டொக்டர் உதட்டைப் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். “எவ்வளவு குடுத்தீங்க?”

“ஒரு கரண்டி.”

ஞானம் என்னைப் பார்த்தாள்.

“பாதிப் பழம்.”

பார்வையை எடுக்கவில்லை.

“முழுப்பழம், டொக்டர்.”

அவர் ஈரப் பஞ்சால் பிள்ளையின் முகத்தையும் கழுத்தையும் துடைத்தார். “அம்மாளும் இல்ல, ஒண்டும் இல்ல. புளிப்புப் பட்டுத் தோல் சிவந்திரிக்கு. நாளைக்கு மாறும். உதடு வீங்கினா, மூச்சு இழுத்தா, குடிச்சதெல்லாம் நிக்காமச் சத்தியெடுத்தா உடனே தூக்கிட்டு வாங்க. இனிக் குடுக்கிறெண்டா கொதிச்சாறின தண்ணி கலந்து ஒரு கரண்டி. மூணு நாள் பாத்திட்டு மற்றது. வளந்தாப்போல சுளை குடுத்தாலும் கொட்டையும் தோலும் எடுத்திட்டு, சின்னச் சின்னனாப் பிச்சுத்தான் குடுக்கணும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “வாயத் துடைக்கத் தெரியுந்தானே?”

தெரியும் என்றேன்.

ஞாயிறு காலை சிவப்பு மறைந்திருந்தது. பஸ் ஏறினோம். வெல்லாவெளி வரும்வரை ஞானம் என்னோடு பேசவில்லை. இறங்கும்போது, “புள்ளையப் புடிங்க” என்றாள். சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் கல்யாண வீட்டில் எல்லோரோடும் பேசியிருக்கிறாள். மணப்பெண்ணே தன் கையால் எனக்குத் தேசிக்காய் பிழிந்த புளிப்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

“பயப்படாமக் குடிங்க அத்தான். தண்ணி கலந்துதான் இரிக்கு.”

வாங்கிக் குடித்தேன். வேறென்ன செய்வது?

தோடம்பழச் சாற்றைப் பிள்ளைக்குக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். உண்மையை மட்டும் மனைவிக்கு அப்படிக் கொடுக்காதீர்கள்.