தொலைக்காட்சியில் வந்த மூத்தவள்

தஞ்சாவூரில் ஒரு தொலைக்காட்சிக்குச் செய்தியாளராக இருந்த காலத்தில் கல்யாணம், சாவு, வெள்ளம் என்று எத்தனையோ வீட்டு வாசலில் மைக்கோடு நின்றிருக்கிறேன். பெரும்பாலான வீடுகள் மறந்துவிட்டன. நன்னிலம் பக்கத்தில் ஒரு வீடு மட்டும் என்னை விடவில்லை.

நம் நாட்டுப் பெண்கள் கால்பந்து அணி வெளிநாட்டில் ஜெயித்ததற்கு மறுநாள் காலை அது. கடைசி நேரத்தில் கோல் போட்ட பெண் நம் பகுதிக்காரி என்று தெரிந்ததும் சென்னையிலிருந்து போன் வந்தது. "அம்மா அழுவுறது கண்டிப்பா வேணும். ஸ்வீட் ஊட்டுற மாதிரி ஒரு ஷாட். சீக்கிரம் கிளம்புங்க." கேமராக்காரர் பைக்கை ஓட்ட, ட்ரைபாடைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனேன்.

வேறு சேனல்காரர்கள் எங்களுக்கு முன்பே வந்திருந்தார்கள். குறுவை நட்டு முடித்திருந்த சமயம். வரப்பில் நிற்க இடமில்லாமல் சிலர் பயிருக்குள்ளேயே இறங்கி நின்றார்கள். வீட்டுக்குள் கூட்டம் கொள்ளாது என்று டிவியைத் தூக்கி வந்து வாசலில் பெஞ்சின் மேல் வைத்திருந்தார்கள். கோல் திரும்பத் திரும்ப ஓடியது. பக்கத்தில் கட்டம் கட்டி ஒரு புகைப்படம்: ரெட்டைச்சடை போட்ட பெண் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி நிற்கிறாள். கீழே 'டெல்டாவின் தங்க மகள்' என்று எழுத்து.

அம்மா வயலுக்குக் கட்டும் சேலையிலேயே உட்கார்ந்திருந்தார். எதைக் கேட்டாலும் "சந்தோஷங்க" என்றார். கண் டிவியை விட்டு நகரவில்லை. யாரோ லட்டுவை வாயருகே கொண்டுபோனபோது சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டார். "ஆனந்தக் கண்ணீரை அடக்க முடியாமல்..." என்று பக்கத்துச் சேனல்காரர் கேமராவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

பெண் என்பதால் என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். அம்மா நெல் மூட்டையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். எதிர்ச் சுவரில் மாலை போட்ட ஒரு படம். வெளியே டிவியில் ஓடிக்கொண்டிருந்த அதே படம்.

"பாப்பா, அது என் மூத்தவ" என்றார் என்னிடம். "அக்காளும் தங்கச்சியும் ஒரே ஜாடை. சொந்தக்காரப் புள்ள யாரோ போன்லேந்து எடுத்து டிவிக்காரங்களுக்குக் குடுத்திருக்கு."

மூத்தவள்தான் முதலில் ஆடியவள். அறுத்த வயலில் பையன்களோடு ஆடி, தங்கையையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவள். ஒரு சாயங்காலம் சின்னவள் உதைத்த பந்து வாய்க்கால் கரைப் புதருக்குள் போய் விழுந்தது. மூத்தவள் எடுக்கப் போனாள். பாம்பு கடித்ததை முள் குத்தியதாக நினைத்து, பந்தோடு திரும்பி வந்து இன்னும் கொஞ்ச நேரம் ஆடியிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

இதை அம்மா அழாமல்தான் சொன்னார். "காலையிலேந்து அவளையே காட்டுறாங்க. ஜெயிச்சுட்டா, ஜெயிச்சுட்டாங்கறாங்க. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

"நான் சொல்லி மாத்தச் சொல்றேம்மா."

அவர் பதில் சொல்வதற்குள் கையிலிருந்த போன் அடித்தது. வீடியோ அழைப்பு. ஓட்டல் அறையில் ஈரத்தலையோடு சின்னவள். அவளுக்குப் பின்னால் தோழிகள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"டிவி பாத்தியாம்மா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"மாத்தச் சொல்லாத."

"ஜெயிச்சது நீதானடி. ஊரு உன்னயதான பாக்கணும்?"

"அவளப் பாக்கட்டும்மா. இன்னைக்கு ஒரு நாளு."

தெரிந்தே தப்பான படத்தைப் போட எனக்கு மனம் வரவில்லை. வெளியே வந்து, மைதானத்தில் எடுத்த காட்சியை மட்டும் போடுங்கள் என்று எங்கள் அலுவலகத்துக்குச் சொன்னேன். அவர்கள் காரணம் கேட்கவில்லை. மற்றவர்களிடம் நான் எதுவும் பேசவில்லை. ஊர்க்காரர்களுக்கு அந்த முகம் தெரியாமல் இருக்காது. கூட்டத்தில் இருந்த பெண்கள் சிலர் டிவிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை.

அது ஒரு நாளோடு நிற்கவில்லை. மறுநாள் பேப்பரிலும் அதே படம். தஞ்சாவூரில் பாராட்டு விழா நடந்தபோது சாலையின் இரண்டு பக்கமும் பேனர்கள். சின்னவள் பெயர், மூத்தவள் முகம். மேடையில் சால்வை போர்த்திய பெரியவர் பேனரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "படத்துல வேற மாதிரி இருக்கியேம்மா?"

"அது அப்ப எடுத்ததுங்க சார்" என்றாள், கொஞ்சமும் தடுமாறாமல்.

விழா முடிந்து நான் பேட்டி எடுத்தேன். யாரைப் பார்த்து ஆட வந்தீர்கள் என்ற கேள்விக்கு, "பசங்க ஆடுறதப் பாத்துதான்" என்றாள். மைக்கை அணைத்த பிறகு அவளாகவே பேசினாள்.

"அன்னைக்கு வீட்டுக்குள்ள வந்தது நீங்கதானக்கா? அம்மா சொன்னாங்க." தரையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள். "பந்து கோட்டுக்கு வெளிய போச்சுன்னா நான் அந்தப் பக்கம் திரும்பமாட்டேன்க்கா. கோச் எவ்வளவோ திட்டிப் பாத்துட்டாங்க. திரும்ப உள்ள வந்து விழுற சத்தம் கேக்குற வரைக்கும் என்னால தலையத் தூக்க முடியாது."

பிறகு ஒரு மத்தியானம் அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து அந்த ஆட்டத்தின் முழுப் பதிவையும் பார்த்தேன். பந்து வெளியே போகும்போதெல்லாம் எல்லாரும் ஒரே பக்கம் திரும்புகிறார்கள். ஒருத்தி மட்டும் குனிந்து நிற்கிறாள். பாதியில் நிறுத்திவிட்டேன்.

நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். அணி எங்கே ஜெயித்தாலும் ஏதாவது ஒரு சேனல் இன்னமும் பழைய படத்தைத்தான் போடுகிறது. தங்கைக்கு முகம் முற்றி, புருவத்தில் தையல் போட்ட தழும்பும் வந்துவிட்டது. படத்தில் இருப்பவளுக்கு அதே ரெட்டைச்சடைதான். அப்படி வரும் நாட்களில் அந்த அம்மா எனக்குப் போன் செய்வார்.

"போட்டுட்டாங்க பாப்பா. பாத்தியா?"

"பாத்தேம்மா" என்பேன், டிவியைப் போடாமலேயே. அந்தப் பக்கம் சத்தம் பெரிதாக வைத்திருப்பது கேட்கும். வேறெதுவும் பேசமாட்டார். வைக்கவும் மாட்டார். செய்தி முடிகிற வரைக்கும் நானும் போனைக் காதில் வைத்துக்கொண்டிருப்பேன்.