ஷுக்ரி குடித்த செம்புத் தண்ணீர்

பதுளை ஷுக்ரிக்குத் தண்ணீரைப் பரிசோதிக்கும் அரசாங்க வேலை. போத்தல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையில் தேயிலைத் தோட்டம் தோட்டமாக ஏறுவார். ஊற்றிலிருந்து குழாய் வழியாக விழும் பீலித் தண்ணீரைப் பிடித்துக் கொழும்புக்கு அனுப்பினால் பன்னிரண்டு நாளில் பதில் வரும். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. சனங்களைப் பயமுறுத்தக் கூடாதாம். பயத்தையெல்லாம் இவர் ஒருவரே சுமக்க வேண்டுமாம்!

1972 மழைக்காலத்தில் ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்துக்குப் போனார். பீலியடியில் கருப்பம்மா என்ற தோட்டத் தொழிலாளி செம்பை நீட்டினாள். வேண்டாமென்றால், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் தண்ணீரை இளக்காரமாக நினைக்கிறார் என்று மனம் நோவார்கள். அத்தனை பெண்களும் பார்த்திருக்க மடமடவென்று குடித்தார்.

போத்தலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, பிறகுதான் ஊற்றைப் பார்க்க மேலே ஏறினார். மேல் லயத்துக் கக்கூஸ் குழி மழைக்கு நிரம்பி, வழிந்து, நேராக ஊற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் உத்தரவை நினைத்து வாயை மூடிக்கொண்டு இறங்கிவிட்டார்.

வீட்டில் வயிற்றைத் தடவித் தடவி நாட்களை எண்ணினார். நெருப்புக் காய்ச்சல், அதுதான் டைபாய்டு, வந்துவிடுமோ என்று சோறு இறங்கவில்லை. தன் வயிற்றுக்காக மட்டுமே பயந்தார் பாருங்கள், அதற்காகத்தான் பிற்பாடு அவரால் தன்னையே மன்னிக்க முடியவில்லை.

பதில் வந்தது: குடிக்க உதவாது. அன்றே பஸ் பிடித்து ஓடினார். கருப்பம்மாவின் ஐந்து வயது மகள் பாக்கியலெட்சுமி பாயில் சுருண்டு கிடந்தாள். தொட்டால் சுட்டது.

"தண்ணியக் காய்ச்சாமயா குடுத்தீங்க தங்கச்சி?"

"முந்தியெல்லாம் காய்ச்சித்தாங்க குடுப்பேன். பரிசோதிக்க வந்த ஐயாவே குடிச்சிட்டாரு, இனி எதுக்கு வெறகுன்னு லயத்துல எல்லாருமே விட்டுட்டோமுங்க."

எல்லாருமே! ஷுக்ரி காம்பரா காம்பராவாக, லயத்து அறை ஒவ்வொன்றாகத் தட்டினார். நாலு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். தோட்டத்து லொறியில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

பாக்கியலெட்சுமி தலைமுடி கொட்டி, எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தாள். இன்னும் இருவர் வந்தார்கள். அடுத்த காம்பரா நல்லையாவின் மகன் வரவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை எந்த லயத்தில் செம்பை நீட்டினாலும், "காய்ச்சிக் குடுங்க தங்கச்சி," என்பார். பஸ் போனாலும் சரி, அடுப்படியிலேயே நின்று தண்ணீர் கொதிப்பதைப் பார்ப்பார். பிறகு செம்பை வாசலுக்குக் கொண்டுவந்து, எல்லாரும் காண நின்று குடிப்பார்.