தேமலுக்குப் பொறுப்பாளி

அச்சுவேலிப் பக்கத்தில் புகையிலை நடுகிறவர்கள், நுனி கிள்ளும் காலம் வந்தால் முதலில் தேடுகிற ஆள் சிவக்கொழுந்து. வயது ஐம்பத்தாறு. முப்பது வருடமாகப் பெருவிரல் நகம்தான் அவளுடைய கத்தி. மொட்டு வைத்த நுனியையும் பக்கத்தில் கிளம்பும் குருத்துகளையும் கிள்ளிவிட்டால்தான் மிச்ச இலை தடிக்கும். ஒரு காலையில் அவள் முடிக்கிற வேலையை இரண்டு ஆண்கள் இரண்டு நாளில் முடிப்பார்கள். அதில் பாதி நேரம் நிமிர்ந்து நின்று அரசியல் கதைப்பார்கள். புருஷன் செத்த பிறகு அவள் சாப்பிட்டதும் மகளைக் கட்டிக்கொடுத்ததும் அந்த நகத்தால்தான்.

இந்த மாசியில் கனகசபாபதியின் தோட்டத்தில் தேமல் விழுந்தது. பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக வெளிறி, இலைகள் கோணிப்போயின. கனகசபாபதி கோயில் நிர்வாகசபைத் தலைவர். எதற்கும் காரணம் கண்டுபிடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் போதும். அந்தக் காரணம் தன்னிடமே இருக்கக்கூடும் என்று மட்டும் ஒருநாளும் தோன்றியதில்லை.

“துடக்கோடை ஆரோ தோட்டத்துக்கை இறங்கியிருக்கினம்,” என்றார், வாயில் புகைந்த சுருட்டை எடுக்காமலே. “சிவக்கொழுந்து, உன்னைத்தான் கேக்கிறன்.”

மாதவிலக்கான பெண் கால்வைத்தால் புகையிலை பட்டுப்போகுமாம். வெயிலுக்கும் புழுவுக்கும் தாக்குப்பிடிக்கிற பயிர் அதற்கு மட்டும் பயந்து சாகுமாம்.

“எனக்கு அது நிண்டு ஆறு வரியம், ஐயா.”

களை பிடுங்க நின்ற பெண்கள் குனிந்து சிரித்தார்கள். அதுதான் வினையாயிற்று. பயிர் போனதைவிட அந்தச் சிரிப்புத்தான் ஐயாவுக்குச் சுட்டது.

“அப்ப உன்னிலை வேறை ஏதோ தோஷம். இனி என்ரை தோட்டத்துக்கை வராதை.”

பொழுதுபடுமுன் கதை ஊர் முழுக்கப் போய்விட்டது. அடுத்த தோட்டக்காரர் முருகேசு நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்வதையே அவரும் செய்தார். “எனக்கு ஒண்டுமில்லைத் தங்கச்சி. ஆக்கள் கதைக்கினம். கொஞ்ச நாள் போகட்டும்.” மற்ற இரண்டு தோட்டக்காரரும் அதையே சொன்னார்கள். வருடத்தில் கை நிறைய வேலை கிடைக்கிற ஒரே மாதத்தில், சிவக்கொழுந்து ஒன்பது நாள் வீட்டில் இருந்தாள்.

அந்த ஒன்பது நாளும் கனகசபாபதி தானே இறங்கிக் கிள்ளினார். சுருட்டைப் பிடித்த அதே கையால்தான். தேமல் மேற்கு வரம்பு வரைக்கும் போனது. கடைசியில் விவசாயப் போதனாசிரியை பிரதீபாவைக் கூப்பிட்டார். அதைக் கேள்விப்பட்ட சிவக்கொழுந்து யாரும் கூப்பிடாமலே போய், வேலி வாசலில் படலையடியில் நின்றாள்.

“மருந்தைச் சொல்லுங்கோ பிள்ளை. காரணம் எனக்குத் தெரியும்,” என்றார் கனகசபாபதி.

“மருந்தில்லை, ஐயா. இது வைரஸ்.” பிரதீபா ஒரு இலையை விரித்துப் பிடித்தாள். “உள்ளுக்கை ஒரு நூல், வெளியிலை புரதத்தாலை ஒரு சட்டை, அவ்வளவுதான். தனிய ஒண்டும் செய்யேலாது. இலைக்குள்ளை போய்ச் சட்டையைக் கழட்டிப்போட்டு, இலையைக் கொண்டே நூலையும் சட்டைத் துண்டுகளையும் செய்விக்கும். பிறகு அந்தத் துண்டுகள் ஒருதரும் சொல்லாமலே வளையம் வளையமாய் நூலைச் சுத்தி அடுக்குப்படும். இரண்டாயிரம் துண்டுக்கு மேலை சேர ஒரு குச்சி. உப்பிடி ஒரு இலைக்குள்ளை கோடிக்கணக்கு.”

“அப்ப எங்கடை ஐயா மாதிரித்தான்,” என்றாள் சிவக்கொழுந்து படலையடியில் நின்றபடி. “பாடு மற்ற ஆக்களுக்கு, சட்டை மட்டும் தனக்கு.”

பிரதீபா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “அந்தச் சட்டை பொல்லாத கெட்டி, அம்மா. காய்ஞ்ச புகையிலையிலையும் வரியக்கணக்காய் இருக்கும். சுருட்டுப் பிடிச்ச கையாலை கிள்ளினால், கிள்ளின காயத்தாலை உள்ளுக்கை போயிடும்.”

கனகசபாபதி சுருட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“உங்கடை கையாலையும் ஒரு புகையிலைக் கண்டிலை இருந்து மற்றக் கண்டுக்குப் போயிருக்கும், அம்மா.”

“கை எண்டால் கழுவலாம், பிள்ளை,” என்றாள் சிவக்கொழுந்து.

நோய் பிடித்த கன்றுகளைப் பிடுங்கி எரிக்கும்படியும், சவர்க்காரம் போட்டுக் கைகழுவாமல் யாரும் இறங்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டுப் பிரதீபா போனாள். கனகசபாபதி தொண்டையைச் செருமினார்.

“சரி, நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கு வா. மிச்சத்தையாவது காப்பாத்துவம்.”

“முதல் முருகேசு அண்ணைக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கோ, ஐயா. நான் கேக்க.”

அவர் வேலியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். வேறு வழியில்லை, கிள்ள வேறு ஆளும் இல்லை. போனை எடுத்தார். “முருகேசு, உவள் சிவக்கொழுந்திலை பிழையில்லையாம். ஏதோ வைரஸாம்.” தன் கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தப் பக்கத்தில் முருகேசுவின் குரல் உரக்கவே கேட்டது: “அப்பாடா. அப்ப விடிய என்னட்டை வரச்சொல்லுங்கோ அண்ணை, இஞ்சை மொட்டு வெடிக்குது.”

“வாறன் எண்டு சொல்லுங்கோ,” என்றாள் சிவக்கொழுந்து. “நீங்கள் வேறை ஆள் பாருங்கோ, ஐயா.”

படலையைச் சாத்திவிட்டு, சவர்க்காரம் வாங்கக் கடைப்பக்கம் நடந்தாள்.